கட்டும் கட்டமும்

வியாழன், இரவு.

நெற்குப்பையில் நாங்கள் புதுப்பிக்கும் பெரிய வீட்டு ஆச்சி, நடக்க முடியாத தன் தகப்பனாருக்காக ஆரம்பத்திலேயே போனில் சொன்னார்: "சக்கர நாற்காலி போக ரெண்டாங்கட்டுல சரிவு போட்டுருங்க தம்பி." நான் தேவைப் பட்டியலில் 'இரண்டாம் கட்டம்' என்று எழுதி, அடுத்த வருட வேலையோடு சேர்த்துவிட்டேன். அவர் சொன்னது முற்றத்தைத் தாண்டி வரும் உள்வீட்டை. நானும் இந்தப் பக்கத்துக்காரன்தான். ஆபீசில் கட்டம் கட்டமாகப் பேசியே காது கெட்டுப்போயிருக்கிறது.

இன்று வந்து பார்த்தவருக்கு முகம் வாடிவிட்டது. "எங்க அப்பச்சி திங்கக்கிழம வாராக. இந்தப் படியில எப்புடி இறங்குவாக?"

"அதுக்குள்ள முடிச்சிருவோம் ஆச்சி" என்று வாய் சொல்லிவிட்டது. கொத்தனார் போனை எடுக்கவில்லை.

படுக்கும் முன் பட்டியலை மறுபடி திறந்தேன். அப்பச்சியின் கழிப்பறைக்கும் 'இரண்டாம் கட்டம்' என்றே எழுதியிருக்கிறேன்.