படகு பின்னால் வருகிறது

6 செப்டம்பர் 1998, ஞாயிறு

இன்று கை தூக்கினேன். யாரும் என்னைத் தூக்கச் சொல்லவில்லை.

அல்சூர் ஏரிக்கரையில் படகு கிளப்பின் பெற்றோர் கூட்டம். செகரட்டரி வெங்கடசுப்ரமணியன், ரிட்டயர்டு பேங்க் ஆபீசர், எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னார். அடுத்த மாதம் மெட்ராஸில் பாய்மரப் படகுப் போட்டி. ஏரியில் இல்லை, கடலில். லாரியில் நாலு படகுதான் ஏறும். ஐந்தாவது படகு நம்ம பெனிட்டாவும் அவள் ஜோடி ஷில்பாவும் ஓட்டும் பழைய மரப்படகு.

"அது இந்தத் தடவை வராது. ட்ரெய்லர்ல யாராவது கட்டி இழுத்துண்டு வந்தா உண்டு. யார்கிட்டயாவது ட்ரெய்லர் இருக்கோ?"

பெனிட்டா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினேழு வயது. ரெண்டு வருஷமாக ஏரியைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். அந்தத் தலை குனிந்ததைப் பார்த்ததும் என் கை தானாக மேலே போய்விட்டது.

"என்கிட்ட இருக்கு சார்."

கைதட்டல். நான் எழுந்து வணக்கம் வேறு வைத்தேன்.

திரும்பி வரும்போது அவள் கேட்டாள், "டாடி, நம்மகிட்ட ட்ரெய்லர் எங்க இருக்கு?"

"இனிமேதான் இருக்கும்."

என்னிடம் இருப்பது: பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் ஒரு மேட்டடோர் வேன், இரண்டாம் முயற்சியில் வாங்கிய எஸ்.எஸ்.எல்.சி. வண்டி இழுத்த அனுபவமும் உண்டு. மச்சான் ஸ்கூட்டரை ஒரு தடவை கயிறு கட்டி இழுத்தேன். கயிறு வந்தது. ஸ்கூட்டர் வரவில்லை.

7 செப்டம்பர்

என் மனைவி பவுலின் இன்று என்னோடு பேசவில்லை. குழம்பில் உப்பு பேசியது.

8 செப்டம்பர், மாதா திருநாள்

சிவாஜிநகர் கோயிலில் கூட்டமோ கூட்டம். பவுலின் ரொம்ப நேரம் கண்ணை மூடி நின்றாள்.

"என்ன வேண்டிக்கிட்ட?"

"உங்க கையைக் கீழயே வைக்கச் சொல்லி."

பேசிவிட்டாள். மாதாவுக்கு ஸ்தோத்திரம்.

அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பழைய சாமான் கடைகள் பக்கம் போனேன். கடவுள் கிருபை, ஒரு பழைய பியட் காரின் அச்சு, இரண்டு சக்கரத்தோடு கிடைத்தது. ஆட்டோக்காரன் ஏற்ற மாட்டேன் என்றான். அப்படியே உருட்டிக்கொண்டு கிளம்பினேன். திருநாள் கூட்டத்துக்கு நடுவே இரண்டு சக்கரம் உருண்டு வருவதைப் பார்த்து ஜனங்கள் வழி விட்டார்கள். சப்பரத்துச் சக்கரம் என்று நினைத்திருக்க வேண்டும். ஒரு அம்மா தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. வழி கிடைத்தால் போதும்.

13 செப்டம்பர்

வெல்டிங் கோவிந்தப்பா ஒத்துக்கொண்டான். எங்கள் தெருக்கோடியில் பட்டறை. காய்கறித் தள்ளுவண்டி செய்வதில் அவனை அடிக்க ஆளில்லை. ட்ரெய்லர் செய்ததில்லை. "வண்டின்னா வண்டிதானே சார்" என்றான். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

கிளப் புத்தகத்திலிருந்து பெனிட்டா ஒரு படம் வரைந்து கொண்டுவந்திருந்தாள். அதில் அச்சு நடுவில் இல்லை, பின்னால் தள்ளி இருந்தது. நானும் கோவிந்தப்பாவும் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம்.

"தப்பா வரைஞ்சிருக்குது பாப்பா. அச்சு நடுவுல இருந்தாதான் தராசு மாதிரி நிக்கும். பின்னாடி போனா மூக்கு கீழ விழும்."

"புக்குல அப்படித்தான் இருக்கு அங்கிள்."

"புக்கு பிரிண்டு பண்றவன் தள்ளுவண்டி தள்ளியிருப்பானா?"

அவள் படத்தை மடித்து வைத்துக்கொண்டாள். எனக்கும் சந்தோஷம், படித்த பிள்ளையை இரண்டு பெரியவர்கள் சேர்ந்து திருத்திவிட்டோம் என்று.

17 செப்டம்பர்

வேனின் பின்னால் இரும்புக் குண்டு ஒன்று பொருத்தியாகிவிட்டது. ட்ரெய்லரின் மூக்கில் உள்ள கிண்ணம் அதன் மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும். அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் வெங்கடசுப்ரமணியன் நேரில் வந்து குனிந்து பார்த்துவிட்டு, சங்கிலி எங்கே என்றார்.

"ரெண்டு வேணும் மிஸ்டர் ஓஸ்வால்ட். கீழே குறுக்கா மாட்டணும், பெருக்கல் குறி மாதிரி. கிண்ணம் கழண்டுண்டாலும் மூக்கு ரோட்டுல குத்தாது, சங்கிலி தொட்டில் மாதிரி தாங்கிக்கும்."

"மாட்டுச் சங்கிலி ஆகுமா சார்?" என்று கோவிந்தப்பா கேட்டான்.

"மாடு என்ன வெயிட்டுப்பா?"

நல்ல லாரிச் சங்கிலியே வாங்கினோம்.

போகும்போது இன்னொன்று சொன்னார். பின்னால் வண்டி ஆட ஆரம்பித்தால் பிரேக் போடக் கூடாதாம். ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு ஸ்டீரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டுமாம். நான் பெரிதாகத் தலையாட்டினேன். பெனிட்டா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாளே.

20 செப்டம்பர், ஞாயிறு

ரிவர்ஸ் பழகினேன் — பழகினேன் என்று எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது.

ஸ்டீரிங்கை இடப்பக்கம் திருப்பினால் ட்ரெய்லர் வலப்பக்கம் போகிறது. வலப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம். எத்தனை வருஷமாக இந்த வேனை ஓட்டுகிறேன்! மூளைக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. கடைசியில் ட்ரெய்லர் நேராக எல்லம்மாவின் பூக்கடைக்குள் போய் நின்றது. பூக்கூடை ஒன்று ட்ரெய்லர் மேலேயே ஏறிக்கொண்டது.

"இன்னா ஓஸ்வால்டு, கடையையே மெட்ராஸ் தூக்கினு போறியா?" என்றாள் எல்லம்மா. தெருவே சிரித்தது. சாமந்தி முழுவதையும் நானே எடுத்துக்கொண்டேன். பவுலினின் மாதா படத்துக்கு ஒரு வாரத்துக்கான பூ.

அப்புறம் பெனிட்டா சொன்னாள், "டாடி, இது சுக்கான் மாதிரிதான். படகுலயும் எதிர்ப்பக்கம்தான் தள்ளணும். ஸ்டீரிங்கை அடியில பிடிங்க. ட்ரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்துங்க."

செய்தேன். போனது! இறங்கி அவளைக் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டிருந்தபோது ஹேண்ட்பிரேக் போட்டேனா என்று சந்தேகம் வந்து ஓடினேன். போட்டிருந்தேன்.

25 செப்டம்பர்

வேன் பிள்ளைகள், திங்கட்கிழமையிலிருந்து படகில்தான் ஸ்கூலுக்குப் போவோம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். ஒரு அம்மா கவலையோடு வந்து கேட்டார், நீச்சல் தெரிய வேண்டுமா என்று.

30 செப்டம்பர், ஆயுத பூஜை

காலையில் பார்த்தால் பின் விளக்கு எரியவில்லை. கோவிந்தப்பாவிடம் ஓடினேன். ஸ்பேனர், சுத்தியல், வெல்டிங் மிஷின் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு படத்துக்கு முன்னால் வரிசையாகப் படுத்திருந்தன.

"இவத்து தொடக் கூடாது சார், இன்னிக்கு பூஜை. வருஷம் பூரா வேலை செஞ்சதுங்க, இவத்து ஒரு நாள்தான் அதுங்களுக்கு லீவு."

"ஒரே ஒரு ஸ்க்ரூடிரைவர், கோவிந்தப்பா."

"அதுக்கு மட்டும் லீவு வேண்டாமா?"

பொரி, கடலையோடு திரும்பி வந்தேன். அதற்குள் எல்லம்மா எலுமிச்சம்பழத்தோடு வேன் முன்னால் நின்றாள். "நீ சர்ச்சுக்குப் போறவன்னு எனக்குத் தெரியும். வண்டி எங்கயும் போறதில்லல்ல, அதுக்கு நான் பண்ணிக்கிறேன்." முன்வண்டிக்கு நாலு, பின்வண்டிக்கு ரெண்டு. பவுலின் தன் பங்குக்கு வேளாங்கண்ணித் தீர்த்தத்தைப் படகின் மேல் தெளித்தாள். எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் எனக்கு வேண்டாம் என்று சொல்கிற நிலைமை இல்லை.

1 அக்டோபர்

லீவு முடிந்து ஸ்க்ரூடிரைவர் வேலைக்கு வந்தது. விளக்கு எரிகிறது. இடப்பக்க சிக்னல் போட்டால் வலப்பக்கம் எரிந்தது, அதையும் மாற்றியாயிற்று. சக்கர நட்டுகளை முறுக்கினோம். படகை வாரால் இறுக்கிக் கட்டினோம். தண்ணீர் டிரம், ஜாக்கி, ஸ்டெப்னி, பவுலினின் புளிசாத அண்டா எல்லாம் படகின் பின்பக்கத்தில். வேனில் பெரிய பிள்ளைகளை எப்போதும் பின்சீட்டில்தான் உட்கார வைப்பேன், அதே கணக்கு.

கோவிந்தப்பா ட்ரெய்லரின் மூக்கை ஒற்றை விரலால் தூக்கிக் காட்டினான். "பாருங்க சார், பூ மாதிரி!" நானும் தூக்கிப் பார்த்தேன். பூவேதான். பெருமை தாங்கவில்லை. நாளை கிளம்புகிறோம். ஷில்பா கிளப் ஆட்களோடு ரயிலில் வருகிறாள்.

2 அக்டோபர், வேலூர், பவுலின் தங்கை வீடு

உயிரோடு வந்து சேர்ந்துவிட்டோம்.

அத்திபெலே தாண்டும் வரைக்கும் ராஜா மாதிரி வந்தேன். டீ குடித்தோம், வாரை இறுக்கினோம், சங்கிலியைப் பார்த்தோம். அப்புறம் ஒரு இறக்கம். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு முந்தியது. அந்தக் காற்றில் ட்ரெய்லர் லேசாக ஒரு ஆட்டம் ஆடியது. நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. இடமும் வலமுமாகப் படகு வாலை ஆட்ட, வேனும் சேர்ந்து ஆடுகிறது. கண்ணாடியில் ஒரு நேரம் படகு, ஒரு நேரம் வெறும் ரோடு. பவுலின் "யேசுவே" என்றாள்.

வெங்கடசுப்ரமணியன் சொன்னது எதுவும் ஞாபகம் வரவில்லை. வரவே இல்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்கை மிதித்தேன், உயிரைக் கொடுத்து. பிரேக் இறங்கவில்லை. கால் எடுத்த வேகத்தில் என் ஹவாய் செருப்பு கழன்று பெடலுக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டிருக்கிறது! மிதிக்கிறேன், மிதிக்கிறேன், ரப்பர்தான் அமுங்குகிறது. ஸ்டீரிங்கை ஏன் நேராகப் பிடித்தேன்? கை விறைத்துப்போனதால்.

இறக்கம் முடிந்து ஏற்றம் வந்தது. வேகம் தானாகக் குறைந்தது. ஆட்டமும் அடங்கியது. ஓரமாக உருட்டி ஹேண்ட்பிரேக்கைப் பிடித்து இழுத்தேன்.

பெனிட்டா பின்சீட்டிலிருந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "டாடி! பிரேக்கே போடாம நிறுத்திட்டீங்க! பிரேக் போட்டிருந்தா படகு நம்மளத் திருப்பி அடிச்சிருக்கும். எப்படி டாடி பயப்படாம இருந்தீங்க?"

நான் குனிந்து செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

இறங்கிப் பார்த்தோம். ட்ரெய்லரின் மூக்கை அவள் ஒரு விரலால் தூக்கினாள். "இதான் தப்பு டாடி. மூக்கு கனமா இருக்கணும். அதுக்குத்தான் புக்குல அச்சு பின்னாடி இருக்கு." பூ மாதிரி என்று நேற்று ஆடினோமே, அந்தப் பூதான் இன்று வாலை ஆட்டியிருக்கிறது. வாரைத் தளர்த்திப் படகை முன்னால் தள்ளினோம். தண்ணீர் டிரம்மும் அண்டாவும் முன்பக்கம் போயின. இப்போது மூக்கைத் தூக்க நான் மூச்சுப் பிடிக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு வேலூர் வரைக்கும் ட்ரெய்லர் நல்ல பிள்ளையாக வந்தது, நானும் மெதுவாகத்தான் வந்தேன். மாட்டுவண்டிக்காரர் ஒருவர் மட்டும் எங்களை முந்தவில்லை.

3 அக்டோபர், மெட்ராஸ்

தண்ணீருக்குள் இறங்கும் சரிவில் ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுத்தேன். கையை ஸ்டீரிங்கின் அடியில் வைத்து, மெதுவாக. மூன்றாவது தடவையில் நேராக இறங்கியது. யார் யாரோ பெரிய ஆட்கள் நின்று பார்த்தார்கள். முதல் இரண்டு தடவையும் நான் காற்றின் திசை பார்த்ததாக அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

படகு கடலில் மிதந்தது. பெனிட்டா திரும்பிப் பார்த்துக் கையாட்டினாள். கண்ணில் ஏதோ உப்புத் தண்ணீர் தெறித்துவிட்டது.

4 அக்டோபர்

கவிழ்ந்தார்கள். நிமிர்த்தினார்கள். கடைசி. பிள்ளைகள் இரண்டும் சிரித்துக்கொண்டே வந்தன. பவுலின் மட்டும் அழுதாள்.

6 அக்டோபர்

கடைசி நாள் காற்று பேய் மாதிரி. படகுகள் வரிசையாகக் கவிழ்ந்ததைக் கரையிலிருந்து பார்த்தோம். நம்ம மரப்படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பவுலின் என் கையை நகம் பதியப் பிடித்தாள். அப்புறம் மெல்ல, ரொம்ப மெல்ல, நிமிர்ந்தது. இன்றைய பந்தயத்தில் இரண்டாவது! மொத்தத்தில் நாலாவது. மெடல் மூன்று பேருக்குத்தான். யாருக்கு வேண்டும் மெடல்?

கரைக்கு வந்ததும் வெங்கடசுப்ரமணியனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "காத்து அடிச்சப்ப ஷில்பா கத்திட்டா சார். எனக்கும் எதையாவது பிடிச்சு இழுக்கணும்னுதான் இருந்துச்சு. அப்ப டாடி அத்திபெலேல செஞ்சது ஞாபகம் வந்துச்சு. அவர் பிரேக்கைத் தொடவே இல்ல சார். அதே மாதிரி பாய்க்கயித்தை மெதுவா விட்டேன், அவ்ளோதான்."

அவர் என் கையைக் குலுக்கினார். "நெர்வ் வேணும் மிஸ்டர் ஓஸ்வால்ட்."

"ஆமா சார்" என்றேன். வேறென்ன சொல்ல?

11 அக்டோபர்

உப்புத் தண்ணீர் பட்ட சக்கரங்களைக் கழற்றிக் கழுவி கிரீஸ் வைத்தோம். கோவிந்தப்பா அச்சைப் பின்னால் தள்ளி வெல்டிங் வைத்தான். "புக்கு சரிதான் சார். நாமதான் தள்ளுவண்டி புத்தியில படிச்சுட்டோம்." நாம என்று சொன்னானே, நல்லவன்.

மத்தியானம் போய் ஒரு ஜோடி ஷூ வாங்கினேன். லேஸ் கட்டும் ஷூ. "கல்யாணத்துக்குக்கூட செருப்புதானே போட்டீங்க, இப்ப என்ன ஸ்டைலு?" என்றாள் பவுலின். வயது போகப் போக ஸ்டைல் கூடும் என்றேன்.

18 அக்டோபர், ஞாயிறு

கிளப் கூட்டம். இந்தத் தடவை இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிரயோஜனம் இல்லை. அடுத்த வருஷத்துக்கு இன்னும் இரண்டு அப்பாக்கள் ட்ரெய்லர் செய்யப் போகிறார்களாம். "நம்ம ஓஸ்வால்ட் ரெண்டு வார்த்தை பேசுவார்" என்று வெங்கடசுப்ரமணியன் சொல்லிவிட்டார். பெனிட்டா முதல் வரிசையில் முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

எழுந்து சொன்னேன். அச்சு பின்னால் இருக்கட்டும், கனம் முன்னால் இருக்கட்டும், ஒற்றை விரலில் தூக்க முடிந்தால் சந்தோஷப்படாதீர்கள். சங்கிலியைக் குறுக்காக மாட்டுங்கள். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி நட்டும் வாரும் இறுக்குங்கள். ஆடினால் பிரேக் வேண்டாம். எல்லோரும் தலையாட்டினார்கள், அன்றைக்கு நான் ஆட்டியது மாதிரியே.

"அப்புறம், ஷூ போட்டுக்கிட்டு ஓட்டுங்க. செருப்பு கூடாது."

"அது எதுக்குங்க?" என்றார் ஒருவர்.

"ரூல்" என்றேன்.

பின்வரிசையில் பவுலின் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்தாள். தோள் குலுங்கியது. அன்று அவள் என் பக்கத்து சீட்டில்தானே உட்கார்ந்திருந்தாள். பார்த்திருக்கிறாள். இத்தனை நாளும் வாயைத் திறக்கவில்லை!

வீடு திரும்பும்போது பெனிட்டா வேனில் முன்னால் உட்கார்ந்து என் ஷூவைப் பார்த்தாள். "டாடி, நிஜமாவே அன்னிக்கு பயம் வரலையா?"

"வண்டி ஓட்டும்போது பேச்சு கொடுக்காத" என்றேன்.

இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்: பெனிட்டா கண்ணு, அன்னிக்கு நான் பிரேக்கைத்தான் மிதிச்சேன்.