ஒரு வில்லையையும் வீணாக்காத அப்பாவுக்கு

ஆசை அப்பாவுக்கு,

அணு எரிபொருள் ஆலையில் உங்களோடு வேலை பார்த்தவர் நேற்று துக்கம் விசாரிக்க வந்திருந்தார். "உங்க அப்பா மாதிரி வராதும்மா. விரிசல் விட்ட வில்லை, முனை ஒடஞ்ச வில்லைனு ஒன்னத்தயும் ஒதுக்கமாட்டார். எல்லாத்தயும் மறுபடி தூளாக்கி எடுத்துடுவார்" என்று கண் கலங்கினார்.

எனக்குத் தெரியாதா? சோறு பிசைந்தபடி எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள். அணு உலைக்கு எரிபொருளாகப் போகும் சின்ன யுரேனியம் வில்லையில் குறை இருந்தால், அதைச் சூளையில் காற்றுப் படச் சூடாக்கினால் அது உப்பி, தானே கறுப்புப் பொடியாக உதிரும். அந்தப் பொடியை ஹைட்ரஜனில் சூடாக்கினால் பழையபடி ஆக்சைடு தூள். புதுத் தூளோடு அளவாகக் கலந்து அழுத்திச் சுட்டால் மறுபடி வில்லை. தூள் சரியாக அமையாவிட்டால் திரும்பவும் காற்று, திரும்பவும் ஹைட்ரஜன். "அவசரப்படக் கூடாதும்மா, அதுக்கும் ஒரு சான்ஸ் குடுக்கணும்" என்பீர்கள். அப்போது உங்கள் முகத்தில் அப்படி ஒரு கனிவு. அந்த முகத்தை அக்கா ஒருநாளாவது பார்த்தாளா?

ஓய்வு பெற்றதும் அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி வீடு கட்டினீர்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலில் நின்று நீர்மோர் ஊற்றினீர்கள். அப்படி ஒரு பௌர்ணமியில்தான் கீழ்பென்னாத்தூரிலிருந்து அக்கா வந்தாள். கையில் பை, புருஷன் அடித்து வீங்கிய காது. சொந்த வீட்டு வாசலில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றாள்.

நீங்கள் அவளுக்கும் ஒரு டம்ளர் மோர் கொடுத்தீர்கள். "குடிச்சிட்டு நடம்மா. சுத்த ஆரம்பிச்சா பாதியில நிக்கக் கூடாது." யாரோ வெளியூர்க்காரியிடம் பேசுவது போல. மகள் வாழாமல் வந்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். நான் உள்ளேயிருந்து ஓடி வருவதற்குள் அவள் கூட்டத்தில் போய்விட்டாள். மலையைச் சுற்றி முடித்து, பஸ் ஏறி, அடித்தவன் வீட்டுக்கே போனாள். அந்தக் காது இப்போது கேட்பதில்லை, அப்பா.

பிறகு அவளே அவனை விட்டு வந்தாள். வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறாள். நன்றாகச் சிரிக்கிறாள்.

வந்தவரிடம், "ஆமாங்க, வில்லைனா உயிரையே விடுவார்" என்றேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த வாரம் உங்கள் காரியம். இன்று காலை அம்மா அக்காவுக்குப் போன் போட்டாள். "எனக்கு லீவு இல்லம்மா" என்று வைத்துவிட்டாள் அக்கா. உங்களுக்குக் கொள்ளி வைத்த சித்தப்பா மகன், காரியத்துக்கு ஐயரிடம் சொல்லிவிட்டதாக வந்து நின்றார். "வேணாண்ணா, கிளம்புங்க. எங்க வீட்ல காரியம் கிடையாது" என்றேன்.

"பிண்டம் வெக்காட்டி அவர் ஆவி பசியோட அலையும்டி" என்று அம்மா அழுகிறாள்.

அலையுங்கள், அப்பா. நான் உயிரோடு இருக்கும்வரை யாரும் உங்களுக்கு ஓர் உருண்டை சோறு வைக்க விடமாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
நீங்கள் செல்லமாக வளர்த்த சின்ன மகள்