இடம் விட்டு விட்டு

இல்லை. மழை இல்லை.

ரெங்கத்து வார்டின் சுவர் ஏன் பெயர்ந்தது என்று யார் கேட்டாலும் மழை என்றே சொல்லி வந்திருக்கிறேன், அண்ணா. நீங்கள் எனக்குச் சொன்ன பதில் அது. இரண்டு வருடம் அதை வைத்துக்கொண்டிருந்தேன். இன்று காலை வரை.

இப்போது மேசைமேல் ஒரு கால் தாள் கிடக்கிறது. நான்காக மடித்தது. மடிப்புகளில் எண்ணெய் ஊறியிருக்கிறது. ஓர் ஓரத்தில் ஆணித் துரு. அதில் ஒரே வரி.

"இடம் விட்டு விட்டு ஆணி அடிக்கவும்."

கையெழுத்து என்னுடையது.

எழுந்து நடக்கிறேன். உட்காருகிறேன். மறுபடி படிக்கிறேன். ஐந்து சொற்கள். எழுதி முடித்தபோது பெருமைப்பட்டதுகூட நினைவிருக்கிறது.

நீங்கள் ரெங்கத்திலிருந்து ரயிலில் திரும்பி வந்து, சட்டை மாற்றாமல், சாப்பாட்டு மேசையில் படம் கீறத் தொடங்கிய வாரம் அது. அங்கே இருந்த சிறிய பிள்ளைப்பேற்று வார்டின் பலகைச் சுவரைப் பார்க்கப் பொதுப்பணி அலுவலகத்திலிருந்து உங்களை அனுப்பியிருந்தார்கள். படவரைஞர் வேலையில் அதுவரை உங்களுக்கு வந்ததெல்லாம் மற்றவர் கீறியதைப் பிரதி எடுக்கும் வேலை. நீங்கள் போன அன்று சாய்ந்த மழை. முந்தின நாள் பிள்ளை பெற்ற பெண் ஒருத்தி கட்டிலில் குடை பிடித்தபடி படுத்திருந்தாளாம். குடைக்குள் குழந்தை.

"கூரை ஒழுகேல்லை. சுவர் ஒழுகுது," என்றீர்கள். "கூரை ஒழுகினா ஆரும் ஏறிப் பாப்பினம். சுவர் ஒழுகினா கட்டிலைத் தள்ளிப் போட்டிட்டு இருந்திடுவினம்."

எங்கும் அடிப்பது போலத்தான் அந்தச் சுவரும். படுக்கைவாட்டில் பலகைகள். மேல் பலகையின் விளிம்பு கீழ்ப் பலகைமேல் ஏறி நிற்கும். இரண்டையும் சேர்த்து ஓர் ஆணி. வெயிலில் பலகை சுருங்கப் பார்க்கும்; ஆணி விடாது; வெடிக்கும். மழையில் காற்று தண்ணீரை விளிம்புக்கு அடியால் மேலே தள்ளும். தண்ணீர் கீழே மட்டும்தான் போகும் என்று நான் வாதாடினேன். நீங்கள் இரண்டு சாமிப் படங்களின் கண்ணாடிகளைக் கழற்றி, ஒட்ட வைத்து, தட்டுத் தண்ணீரில் நிறுத்தினீர்கள். நடுவில் தண்ணீர் ஏறியது. அவசரமில்லாமல், யாரும் கேட்காமல்.

உங்கள் திருத்தம் எளிது. பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்ற வேண்டாம். மேல் பலகையின் கீழ் விளிம்பில் உள்பக்கம் பாதிக் கனத்தைச் செதுக்க வேண்டும்; கீழ்ப் பலகையின் மேல் விளிம்பில் வெளிப்பக்கம் பாதி. இரண்டு பாதிகளும் ஒன்றுக்குள் ஒன்று அமரும். மறைந்திருக்கும் பக்கத்தில் நீளவாட்டில் ஒரு சிறு கோடு கீறிவிட்டால், ஏறி வரும் தண்ணீர் அந்தப் பள்ளத்தில் நின்றுவிடும். மூன்று பலகை வாங்கி வந்து, நீங்களே செதுக்கி, கிணற்றடியில் நிறுத்திச் சோதித்தீர்கள். நான் இந்தப் பக்கமிருந்து வாளியால் வீசவேண்டும். நீங்கள் அந்தப் பக்கம், முகத்தைப் பலகையோடு ஒட்டிக்கொண்டு.

"ஊத்து. இன்னும் பலமாய். உனக்கு மெட்ராசிலை சோறு போடேல்லையோ?"

வீசினேன்.

"நிப்பாட்டு! நனைஞ்சிட்டன்!"

"எங்கை? பொருத்திலையோ?"

"இல்லை. தலையிலை. நீ பலகைக்கு மேலாலை ஊத்திப்போட்டாய்."

சிரித்தீர்கள். பலகையின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். பொருத்துக்குக் கீழே ஈரமே இல்லை.

பிறகு அந்தச் சீட்டு. படத்தில் குறிப்புகள் ஆங்கிலத்தில். அலுவலகத்துக்கு அப்படித்தான் வேண்டும். வேலையை எடுத்த ரப்பர் தோட்டத்து ஆசாரிக்குத் தமிழ் மட்டும் தெரியும்.

"தங்கச்சி, நீ எழுதித் தா. என்ரை எழுத்தை நானே வாசிக்கேலாது."

"என்ன எழுத?"

"பலகைக்கும் பலகைக்கும் இடையிலை ஒரு தீக்குச்சி போற இடம் விடவேணும். மழைக்கு மரம் ஊதும்; அதுக்கு இடம் வேணும். ஆணி ஒரு விளிம்பிலை மட்டும், ஆனா ஒரு தூணும் தப்பாமல். வடிவாய் விளக்கி எழுது."

விளக்கித்தான் எழுதினேன். ஏழெட்டு வரி. பிறகு அடித்தேன்.

மெட்ராஸ் கல்லூரியிலிருந்து திரும்பிய வருடம் அது. என் கதைகளில் எனக்குப் பிடிக்காத சொற்களை அடித்து அடித்து, பிடித்தவற்றையும் அடிக்கப் பழகியிருந்தேன். ஒரு சொல் போதுமானால் இரண்டு எதற்கு. தீக்குச்சியை அடித்தேன். படத்தில்தான் இருக்கிறதே. தூணை அடித்தேன். ஆசாரிக்குத் தெரியாதா. மிஞ்சியது ஐந்து சொல். இடம் விடவேண்டும், ஒவ்வொரு பலகைக்கும் விடவேண்டும். ஆகவே விட்டு விட்டு. எனக்கு அது கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது.

நீங்கள் ரயிலுக்கு ஓடும் அவசரத்தில் அதை மடித்துப் பையில் வைத்தீர்கள். படிக்கவில்லை. என் தமிழை நீங்கள் ஒருநாளும் சரிபார்த்ததில்லை.

மார்கழியில் சுவர் உப்பியது. மரம் தண்ணீர் குடித்துப் பெருத்தது, பெருக்க இடமில்லை, ஆணி இல்லாத இடங்களில் வெளியே தள்ளியது. வார்டு ஆயா சொன்னதை நீங்கள் வந்து சொல்லிச் சிரித்தீர்கள்: "வவுத்தைத் தள்ளிக்கிட்டு நிக்குதே, இந்தச் சுவரு நம்ம பொம்பளைங்களுக்கு முந்திப் பெத்துடும் போல!" இரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம் இரண்டு பலகைகள் வெடி போட்ட சத்தத்தோடு தெறித்து விழுந்தன. தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் ஓடினார்கள். யாருக்கும் அடியில்லை.

நீங்கள் ரெங்கம் போய் மூன்று நாள் கழித்துத் திரும்பினீர்கள். நான் கேட்டேன்.

"என்ன நடந்தது அண்ணை?"

"மழை."

"பொருத்துப் பிழையோ?"

"மழையெண்டு சொன்னனெல்லே. தேத்தண்ணி இருக்கோ?"

படத்தின் குறுக்கே சிவப்புக் கோடு போட்டார்கள். இனிப் பயன்படுத்தக்கூடாது. விசாரணையில் நீங்கள் சொன்னது: "ஆணி அடிக்கும் விதத்தைப் படத்தில் தெளிவாகக் காட்டாதது என் பிழை." அதை நீங்கள் எனக்குச் சொல்லவில்லை. பின்னால் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். உங்களைக் கரையோரத்தில் சதுப்பு நிலக் கால்வாய்களை அளக்கும் வேலைக்கு மாற்றினார்கள். ஆறு மாதத்தில் காய்ச்சல்.

கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்கு எழுதினேன்: "அண்ணாவுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது." அதே பேனா. அதே கை. ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது என்று அம்மா சரியாகவே புரிந்துகொண்டாள். எழுதிய எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

இன்று காலை ஆசாரி வந்து உறைக்க வைத்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"இதைக் கொடுத்துட்டுப் போகத்தாம்மா வந்தேன். ஐயா தவறிப்போனதுக்கப்புறம் நான் வெச்சிருக்கக் கூடாதில்லீங்களா."

விரித்தேன். ஒரு கணம் யாருடைய எழுத்தோ என்றிருந்தது.

"இதை எப்பிடி வாசிச்சீங்கள்?"

"எப்படிங்க வாசிக்கிறது? மழை விட்டு விட்டுப் பேயுதுன்னா என்ன? அப்படித்தான். ஒரு தூணுல அடிச்சேன், ஒரு தூணை விட்டேன். பலகையை நல்லா நெருக்கிப் போட்டேன். நெருக்குனாத்தானே தண்ணி வராது? தப்பா படிச்சிட்டேனுங்களா?"

"இல்லை. நான்தான் பிழையாய் எழுதினன்."

"கேட்டிருக்கலாம்தான். ஆனா எழுத்து கம்மியா இருந்தா அது பெரிய எடத்து உத்தரவுன்னு நெனச்சுக்குவோம். கேள்வி கேக்கத் தோணாது."

அவர் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. அதனால் இன்னும் மோசமாக இருந்தது.

"ஐயா பாத்தவரோ இதை?"

"சுவரு விழுந்து ஐயா வந்த அன்னிக்கே பார்த்தாருங்க. படிச்சாரு. அப்புறம் சிரிச்சாரு. 'ஆசாரி, இதை மடிச்சு உள்ள வையி, யாருக்கும் காட்டாதே. எங்க வீட்டுப் புள்ள எழுதினது'ன்னாரு."

சிரித்தீர்களா. எந்தச் சிரிப்பு? கிணற்றடிச் சிரிப்பா, வேறா? எனக்கு அது தெரியவேண்டும். தெரியப்போவதில்லை.

ஆசாரி இன்னொன்றும் சொன்னார். பிறர் யாரும் பார்க்காத பின்சுவரை நீங்களும் அவரும் இரண்டு நாள் இருந்து பிரித்து அடித்திருக்கிறீர்கள். நாலு தீப்பெட்டி வாங்கி, பலகைக்குப் பலகை குச்சி வைத்து, அடித்த பிறகு உருவி எடுத்து.

"கொசு கடிக்குது, சுருட்டுப் பத்த வைக்க ஒரு குச்சி குடுங்கய்யான்னா குடுக்க மாட்டேன்னாரு. 'ஒரு குச்சி கொறஞ்சா ஒரு பலகை கொறையும் ஓய்'னாரு. முன்சுவரைப் பழையபடி மாத்திட்டாங்க. பின்சுவரை யாரும் தொடலை. இன்னிக்கும் ஒரு சொட்டு உள்ள வரலைங்க."

அவர் வந்ததற்குக் காரணம் சீட்டு மட்டுமல்ல. ரெங்கத்தில் இந்த மாதம் இன்னொரு வார்டு கட்டுகிறார்கள். வேலை அவருக்கே. பழைய முறையில்தான் அடிக்கவேண்டும் என்று உத்தரவு.

"மனசு வரலைம்மா. மறுபடியும் புள்ளத்தாச்சிங்க குடை பிடிச்சுக்கிட்டுப் படுக்கணுமா? நான் சொன்னா எவன் கேப்பான். நீங்க படிச்சவங்க."

நீங்க படிச்சவங்க.

அவர் போய்விட்டார். நான் அறைக்குள் நடக்கிறேன். அலுவலகத்தில் சொன்னால் உங்கள் படத்தின்மேல் இருக்கும் கோடு அழியலாம். சொன்னால் நீங்கள் பொய் சொன்னீர்கள் என்பதும் வெளிவரும். எனக்காக நீங்கள் மூடியதை நானே திறக்கவேண்டும். இப்போது பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன், அண்ணா. ஊரே சிரிக்கும். சிரிக்கட்டும் என்று எழுதுகிறேன். எழுதிவிட்டு அதை அடிக்கப் பார்க்கிறேன். அடிக்கவில்லை.

இதுவரை ஆசாரி வந்த ஞாயிறு எழுதியது.

அடுத்து வந்த சனிக்கிழமை ரெங்கம் போனேன். ரயில் கூலாய் நிலையத்தைத் தாண்டும்போதே மழை. ஆயா என்னை உள்ளே விட யோசித்தாள். படவரைஞர் ஐயாவின் தங்கை என்றதும் விட்டாள். முன்சுவர் ஓரம் நாலு கட்டில்கள் நடுவுக்கு இழுத்துப் போட்டிருந்தன. தரையில் சாக்கு. பின்சுவர் ஓரம் கட்டில்கள் சுவரை ஒட்டியே கிடந்தன. அங்கே ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள்; அவளுடைய குழந்தையின் முழங்கை பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் உள்ளங்கையை வைத்தேன். பொருத்தின்மேல் ஓரமாக, தூணிலிருந்து தூண்வரை. வெளியே மழை அறைந்தது. கையை எடுத்துப் பார்த்தேன். கொஞ்சம் மரத்தூள். அவ்வளவுதான்.

"அந்தப் பக்கத்துக்குத்தாம்மா எல்லாரும் சண்டை போடுவாளுங்க," என்றாள் ஆயா. "புள்ள பொறக்கிறதுக்கு முந்தியே துணியைப் போட்டு எடம் பிடிச்சுடுவாளுங்க."

அதை நீங்கள் கேட்டிருக்கவேண்டும். இதைத் தவிர வேறெதையும் உங்களிடம் கொண்டுவந்து சொல்ல எனக்கு இவ்வளவு அவசரமாக இருந்ததில்லை.

உங்களிடமிருந்து என்னோடு இருப்பது என்ன என்று கேட்டால், அமைதி இல்லை. ஒரு வரி எழுதினால் நான் விட்டது எது என்று தேடும் பழக்கம். நான் தெளிவு என்று நினைத்த இடத்தில் வேறொருவர் சுத்தியலோடு நிற்கிறார் என்ற நினைப்பு. அது தூங்க விடுவதில்லை. விடவேண்டாம்.

திங்கட்கிழமை பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு உங்கள் அலுவலகத்துக்குப் போனேன். நடந்தது முழுவதையும், சீட்டை எழுதியது நான் என்பதையும், பின்சுவரைப் போய்ப் பார்க்கவேண்டும் என்பதையும் நாலு பக்கம் எழுதி, பெயர் போட்டு, தலைமைக் கிளார்க்கிடம் கொடுத்தேன். "இவ்வளவு நீளமா?" என்றார். ஆமாம் என்றேன். அவர் படித்து முடிக்கும்வரை நின்றேன்.