வெறுந்திரையோடு முதல் வாரம்

இன்று காலை ஸ்டேப்ளர் தேடி உங்கள் மேசை இழுப்பறையைத் திறந்தேன். பனங்கட்டி வாசம். பிளேன்டீயோடு கடிக்க யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த துண்டு, தாளோடு ஒட்டிக் கிடந்தது. நீங்கள் கண்ணை மூடி இரண்டு மாதமாகிறது. முதலாம் வருட நிரலாக்கப் பாடத்தை இனி நான் ஒருத்தியே எடுக்க வேண்டுமாம். பதினைந்து வாரத் திட்டத்தை இன்றைக்கே கொடுக்க வேண்டுமாம். மூன்று தரம் எழுதி மூன்று தரமும் அழித்தேன்.

விரிவுரை எனக்கு, கணினிக்கூடம் உங்களுக்கு என்று பிரித்துக்கொண்டோமே. நான் வீட்டிலேயே எழுதி, ஓடவிட்டுப் பார்த்து, பிசிறில்லாத நிரலைத்தான் திரையில் காட்டுவேன். நீங்கள் வெறுந்திரையோடு போய் நிற்பீர்கள். அடிக்க அடிக்கச் சிவப்பில் பிழை வரும், பிள்ளைகள் சிரிப்பார்கள். "ஓம், பிழைதான். என்ன சொல்லுது எண்டு வாசியுங்கோ" என்பீர்கள். ஆயத்தமில்லாமல் வருகிறீர்கள் என்று எனக்கு உள்ளூர எரிச்சல்.

பிறகு அந்த இடைத்தேர்வு வந்தது. ஒரு நிரலைக் கொடுத்து, அதிலுள்ள பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருந்தீர்கள். பழைய வினாத்தாள்களை மனப்பாடமாக்கியே பல்கலைக்கழகம் வந்த பிள்ளைகள் அல்லவா? பாதிப்பேர் கேள்வியை விட்டுவிட்டு, நான் நான்காம் வாரம் காட்டிய நிரலைக் காற்புள்ளி பிசகாமல் எழுதிவைத்திருந்தார்கள். விடைத்தாள்களை என் பக்கம் தள்ளி, "பிள்ளையள் உம்மை வடிவாப் பாடமாக்கியிருக்கினம்" என்றீர்கள். இரண்டு நாள் நான் உங்களோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் கம்பளை பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் வாய் திறந்தேன். "எனக்கு ஒங்கள மாதிரி வராதுங்க. பிள்ளைங்க முன்னால பிழை வந்தா கை நடுங்கிரும். தேயிலத் தோட்டத்து ஸ்கூல்ல படிச்சது, இதுக்கு என்ன தெரியும்னு நினைச்சுருவாங்களோன்னு பயம்."

"நடுங்கட்டுமே. அதையும் பிள்ளையள் பாக்கட்டும்."

பஸ் வந்துவிட்டது. வெடுக்கென்று ஏறிவிட்டேன். அன்றைக்குக் கோபம், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பின்னேரம் நான்காவது தரம் எழுதினேன். முதல் வாரத்துக்கு நேரே, "எழுதிவைத்த நிரல் இல்லை, வகுப்பிலேயே எழுதுவது" என்று போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். துறைத்தலைவர் வாசித்துவிட்டு, "நடுவுல மாட்டிக்கிட்டீங்கன்னா?" என்று கேட்டார்.

"மாட்டிக்கிட்டு நிப்பேன் சேர்" என்றேன். அறைக்கு வந்து சேருமுன்பே, திரும்ப ஓடிப்போய்த் தாளை வாங்கிவிடலாமா என்றிருந்தது. இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

உங்கள் துணிச்சல் என்னிடம் வந்து சேரவில்லை. இருப்பது அதே நடுக்கம்தான். திங்கட்கிழமை அதைக் கொண்டுதான் வகுப்புக்குப் போகிறேன்.