கழிப்பறை டோக்கன்

நவம்பர் 12, புதன்

காலையில் எழுந்ததும் கழிப்பறைக்குத்தான் ஓடினேன். கம்பெனி வேன் வருவதற்குள் மூன்று முறை. இன்று, நாங்கள் தைக்கும் துணிகளை வாங்கும் பையர் சோதனைக்கு வரும் நாள். மனம் பயந்தால் குடலும் பயப்படும் என்று டாக்டர் சொல்லி, இரண்டு வருடமாக ரகசியமாக மாத்திரை சாப்பிடுகிறேன்.

பதினொரு மணிக்கு டெய்லர் செல்வி கழிப்பறைக்குப் போக மூன்றாவது முறையாக என்னிடம் டோக்கன் கேட்டாள். "மேடம், பையர் வந்தாலே வயிறு கலக்குதுங்க."

"ஏனுங்க செல்வி, மெஷினை அங்கயே போட்டுக் குடுக்கட்டுங்களா?" என்றேன். தையல் லைன் முழுக்கச் சிரித்தது. அவள் டோக்கன் வாங்காமலே திரும்பிப் போனாள். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

சூப்பர்வைசரான எனக்கு டோக்கன் தேவையில்லை. நான் இன்று எத்தனை முறை போனேன் என்று யாரும் கேட்கவில்லை.

நாளை, சிரித்த அதே லைன் முன்னால், எனக்கும் அதே வயிறுதான் என்று சொல்லிவிட்டு அவளிடம் மன்னிப்புக் கேட்பேன்.