உப்புப் பார்க்க ஒரு சட்டி

“தங்கச்சி, உப்புக் காணுமோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ.”

வேலிக்கு மேலால் அம்மாவிடம் நீங்கள் கேட்ட கேள்வி இது, மாமி. இன்று பின்னேரம் பள்ளிவாசல் பக்கமிருந்து நோன்புக் கஞ்சி வாசம் வந்தபோது அது மறுபடி காதில் விழுந்தது. போர்க்காலத்தில் முஸ்லிம்களான உங்களை எல்லாம் ஊரைவிட்டுப் போகச் சொன்ன பிறகு, போய்ச் சேர்ந்த புத்தளத்திலேயே நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். நேரில் சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

தாராபுரத்தில் நமக்கு அடுத்தடுத்த வீடு. நான் சின்னப் பிள்ளையாக இருந்த ஒரு வருடம் திருக்கை முள் குத்தி அப்பாவின் கால் புண்ணாகிவிட்டது. மீன் பிடிக்கக் கடலுக்குப் போக முடியவில்லை. பெரியம்மா அரிசி கொண்டுவந்தபோது, “எங்கட வீட்டில கிடக்குது” என்று அம்மா திருப்பி அனுப்பினார். கிடக்கவில்லை. அம்மாவின் ரோசம் உங்களுக்குத் தெரியும். அதனால் நீங்கள் அரிசியோடு வரவில்லை. நோன்பு தொடங்கியதும் கஞ்சிச் சட்டியோடு வேலியடிக்கு வந்தீர்கள்.

“நான் நோன்பு. வாயில வைக்க ஏலாது.”

“உங்கட சின்னன் நோன்பு பிடிக்கிறேல்லையே, லாத்தா. அதைப் பாக்கச் சொல்லுங்கோவன்” என்பார், உங்களை அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிடும் அம்மா.

“அதுக்குச் சீனி போட்டாலும் ஒண்டுதான், உப்புப் போட்டாலும் ஒண்டுதான்.”

வேலை என்று கேட்டால் அம்மாவுக்கு மறுக்கத் தெரியாது. ஒரு கரண்டி வாயில் வைத்து, “இன்னும் கொஞ்சம் போடலாம்” என்பார். உங்கள் பானைக்கு உப்புப் போட நீங்கள் திரும்பிவிடுவீர்கள். சட்டி எங்களிடமே நின்றுவிடும். தினமும் இதே கதைதான்.

அப்பா பாயில் கிடந்தபடி, “உப்புப் பாக்க ஒரு சட்டி வேணுமோ?” என்பார்.

“சும்மா படுத்திருக்கிற ஆக்கள் கதைக்கக் கூடாது” என்று வேலிக்கு அப்பாலிருந்து பதில் வரும்.

நோன்பு மாதம் முடிந்து பெருநாளும் வந்து போனது. மறுநாள் எங்கள் அடுப்பில் தேநீருக்கான தண்ணீர் மட்டும் கொதித்தது. அம்மா வேலிப் பக்கம் பார்க்கவில்லை; பிள்ளைகள் நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம். பின்னேரம் நீங்கள் சட்டியோடு வந்தீர்கள்.

“பெருநாளுக்குப் பிறகு ஆறு நோன்பு இருக்குது, தங்கச்சி. அதையும் பிடிக்கிறன்.”

அம்மா கை நீட்டாமல் உங்களையே பார்த்தார்.

“ஆறும் முடிஞ்சா என்ன நோன்பு, லாத்தா?”

“அதுக்குள்ள உங்கட மனுசன் கடலுக்குப் போயிடுவார்.”

அம்மா சிரித்துவிட்டார். அப்பா கால் புண்ணோடு பாயில் விழுந்த பிறகு அம்மா சிரித்து அன்றுதான் கண்டேன். பிறகு உப்புப் பார்க்காமலே சட்டியை வாங்கிக்கொண்டார். அப்பாவின் கால் ஆறச் சில மாதங்கள் எடுத்தன. நோன்பு இல்லாத நாள்களிலும் சட்டி வந்தது. ஏன் என்று அம்மா கேட்கவில்லை.

ஆசிரியத் தொழிலுக்குப் போன பிறகு, பசியோடு வந்து குந்தியிருக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ‘சாப்பிட்டாயா’ என்று கேட்டால் ஓம் என்றுதான் தலையாட்டுவார்கள். அதனால், “எனக்குப் பணிஸ் வாங்கிக்கொண்டு வா. உனக்கும் ஒன்று எடு, தனியச் சாப்பிட எனக்குப் பிடிக்காது” என்பேன். வாங்கி வந்த பிள்ளை அந்த பன்னை என்னோடு சரிசமமாக இருந்து சாப்பிடும். பயிற்சிக் கலாசாலையில் யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை, மாமி.

இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பக்கத்து வீட்டில் கஷ்டம் என்று தெரிந்தால், அவர்களால் செய்யக்கூடிய ஒரு உதவியைக் கேட்டுக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.