பச்சைப் பல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், அவளுடைய வலது முழங்காலையும் என்னுடைய வாயையும் விட்டுவிட்டால். முழங்காலை மடக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், வாயைத் திறக்கக் கூடாது என்று உன் அம்மா சொல்லியிருக்கிறாள், அதனால்தான் பேனாவை எடுத்தேன். நீயும் சௌக்கியமாக இருப்பாய் என்றே நினைக்கிறேன், போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசிய நாலு நிமிஷத்தில் அதற்குமேல் தெரிந்துகொள்ள முடியவில்லை. உன் அத்தை புது வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே குளியலறைக் கதவு உள்பக்கம் திறந்து வாஷிங் மிஷினில் இடிக்கிறது என்று கூப்பிட்டாள், நானும் போய்க் கதவைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டிக் கொடுத்தேன், இப்போது மிஷினில் இடிப்பதில்லை, நடையில் போகிறவர் மூக்கில் இடிக்கிறது. முதல் மூக்கு உன் மாமாவுடையது. அப்பா ரிப்பேர் செய்தால் எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியாததா.

போன வாரம் பேனா வாங்கப் போனேன். நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில் கலர் பென்சிலுக்காக என்னை இழுத்துக்கொண்டு போவாயே, அதே கடை, அதே மனுஷன், தலைதான் வழுக்கை. நான் செய்த, தானாகவே தாளில் படம் வரைகிற மிஷினைப் பற்றி உன்னையும் அம்மாவையும் தவிர யாரிடமும் நான் மூச்சு விட்டதில்லை, நன்றாக ஓடட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அன்றைக்கு என்னவோ ஆசை வந்து, மிஷின் போட்டதில் நல்லதாக நாலு தாளைச் சுருட்டிக்கொண்டு போய் அவருக்கு விரித்துக் காட்டினேன். அவர் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார், நானும் பாராட்டுக்குத் தயாராகக் காலரை இழுத்து விட்டுக்கொண்டேன். அட, இது உங்க பொண்ணோட டிசைனாச்சேண்ணே என்றார். போனை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டுக் காட்டினார். அவளப் பாத்துட்டுதான் நீங்களும் எறங்கிட்டீங்களா, பரவாயில்லண்ணே, காப்பியடிக்கவும் கொஞ்சம் மூள வேணும்ல என்று முதுகில் தட்டினார். முப்பத்தொரு வருஷம் ஆபீஸ் ஆபீஸாகப் போய் ஜெராக்ஸ் மிஷின் ரிப்பேர் பார்த்தவன் நான். எனக்கு அசல் எது நகல் எது என்று ஒரு பேனா வியாபாரி சொல்லித் தருகிறார்.

அந்தச் சின்னத் திரையில் நீ கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு பெரிய கண்காட்சி ஹாலில் நிற்கிறாய், கொஞ்சம் இளைத்திருக்கிறாய், காலையில் சாப்பிடாமல் ஓடுகிறாய் போலிருக்கிறது, அது கூடாது. உனக்குப் பின்னால் மிஷின். கண்ணாடி மாதிரிப் பளபளக்கிற பிளாஸ்டிக்கில் எல்லாம் புதுசாக வெட்டியிருக்கிறாய், என் மிஷினில் குடைக்கம்பி இருக்கிற இடத்தில் உன்னுடையதில் வெள்ளிக் கம்பி, துணிக் கிளிப் இருக்கிற இடத்தில் ஏதோ அழகான திருகு. ஆனால் வேஷம் மாறினால் பெற்றவனுக்கு ஆள் தெரியாமல் போகுமா. இத்தனை சக்கரம், இன்ன இடத்தில் இன்னது, பேனா பிடிக்கிற கை எந்த ஓட்டையில் மாட்டியிருக்கிறது, எல்லாம் எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு தெரியும். மைக்கைப் பிடித்த அம்மாள் இதைச் செய்ய எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டதற்கு, எட்டு மாதம், தனியாக உட்கார்ந்து யோசித்தேன் என்று சொன்னாய். எட்டு மாதம் சரி. தனியாக என்றாயே, அந்த இடத்தில்தான் எனக்குக் காது அடைத்துப்போயிற்று.

அந்த எட்டு மாதத்தையும் நான் நினைத்துப் பார்க்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்து, குப்பைக்குப் போக இருந்த ஜெராக்ஸ் மிஷின்களிலிருந்து கழற்றிய சக்கரங்களையும் ஒரு மோட்டாரையும் வைத்துக்கொண்டு உன் படிப்பு மேசையில் உட்கார்ந்தேன். தாளை வைத்துச் சுற்றுவதற்கு அம்மாவின் மைக்ரோவேவ் அடுப்பிலிருந்த கண்ணாடித் தட்டைச் சுட்டேன், அவள் ரெண்டு நாள் அதைத் தேடினாள், மூன்றாம் நாள் தட்டு மேசைமேல் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, ஒரு சக்களத்தியைக் கொண்டுவந்து வீட்டில் வைத்தாச்சு, இனி சீர் வேற செய்யணுமாக்கும் என்றாள். முதல் படம் கோழி கிளறின மாதிரி இருந்தது. அதை வெட்கமில்லாமல் உனக்கு அனுப்பினேன், நீ அன்றைக்கே கூப்பிட்டாய். அதற்குமுன் மாதத்துக்கு ஒரு தடவை அம்மாவிடம் பேசிவிட்டு அப்பா நல்லா இருக்காரா என்று கேட்டு வைத்துவிடுகிற பெண், ஒவ்வொரு ஞாயிறும் என்னோடு ஒரு மணி நேரம் பேசினாய். கையோட நீளம் எவ்வளவுப்பா, மோட்டார் எந்தப் பக்கம் சுத்துதுப்பா, அந்தப் பெரிய சக்கரத்துல எத்தன பல்லுப்பா. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் சவரம் செய்துகொண்டு போனுக்காக உட்கார்ந்திருப்பேன், அதில் உன் முகம் தெரியாது, என் முகமும் தெரியாது, ஆனாலும் சவரம். நீ என்னை விசாரிக்கிறாய் என்று நினைத்தேன், கண்ணு. நீ அளவெடுத்துக்கொண்டிருந்தாய்.

அளவையும் நானேதான் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தேன். பழைய ஆபீசுக்குப் போய், சக்கரங்களை ஒவ்வொன்றாக மிஷின் கண்ணாடிமேல் கவிழ்த்து, அச்சு அசலாக அதே அளவில் நகல் எடுத்துத் தபாலில் அனுப்பினேன், அப்பாவின் தொழில் ஒருநாளாவது மகளுக்கு உதவுகிறதே என்று அவ்வளவு பெருமை. ஒன்றை மட்டும் உன்னிடம் மறைத்தேன், இப்போது சொல்கிறேன். பெரிய சக்கரத்தில் ஒரு பல் உடைந்திருந்தது. வீட்டில் கிடந்த பச்சை டூத்பிரஷின் காம்பை உருக்கி, ராவி, அந்த இடத்தில் ஒரு பல் கட்டினேன். எனக்கே ரெண்டு பல் ஆடுகிறது, நான் சக்கரத்துக்குப் பல் கட்டுகிறேன். அது கொஞ்சம் தடித்துவிட்டது. சக்கரம் ஒரு சுற்று வரும்போதெல்லாம் தட்டு ஒரு நொடி விக்கும், கோட்டில் ஒரு சின்ன நெளிவு விழும். உங்களை மாதிரியேதான், ஒழுங்கா போயிட்டிருக்கும்போது நடுவுல ஒரு எடக்கு என்பாள் அம்மா. அரைகுறை வேலை என்று நீ நினைப்பாயே என்று சொல்லவில்லை. கறுப்பு வெள்ளை நகலில் பச்சை தெரியாது. நீ அந்தத் தடித்த பல்லையும் அப்படியே வெட்டியிருக்கிறாய். அந்த அம்மாள் நெளிவைக் காட்டிக் கேட்டதும், இது மனித நினைவின் தடுமாற்றம், இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு நாளானது என்று சொன்னாய், எல்லோரும் கை தட்டினார்கள். மகளே, அது டூத்பிரஷ்.

கடையில் நான் என்ன சொன்னேன் என்று உனக்குக் கவலை வேண்டாம். ஆமாப்பா, அவளப் பாத்துதான் ஆரம்பிச்சேன் என்று சொன்னேன், பேனாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், தாள் நாலையும் அங்கேயே விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னால் அவளுக்கு ஏற்கனவே தெரிந்திருக்கிறது. புள்ளைக்கு ஒரு பேர் வந்தா உங்களுக்கு என்ன கொறஞ்சுபோச்சு, எழுதுறேன் கிழுதுறேன்னு கிளம்பாதீங்க என்றாள். பேர் வேண்டுமென்று அலைந்தவனா நான், அப்படி அலைந்திருந்தால் முப்பத்தொரு வருஷம் மூக்கில் கரித்தூளோடு வீட்டுக்கு வந்திருப்பேனா. நீ கேட்டிருந்தால் மிஷினையே பெட்டியில் போட்டு அனுப்பியிருப்பேன். கேட்கவில்லை, சொல்லவுமில்லை, உன் மிஷின் முடிந்த மறுவாரத்திலிருந்து ஒரு மணி நேரம் நாலு நிமிஷமாகிவிட்டது, அதுதான் குறைந்துபோனது. அதை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது.

அடுத்த மாதம் இன்னும் பெரிய இடத்தில் வைக்கப் போகிறாய் என்று அம்மா சொன்னாள். மிஷினுக்குப் பக்கத்தில் செய்தவர் பேரெழுதி ஒரு சீட்டு ஒட்டுவார்களாமே. அதில் என்ன எழுதுகிறாய் என்பது உன் இஷ்டம், நான் யாரிடமும் எதுவும் சொல்லமாட்டேன், கடைக்காரர் மறுபடி கேட்டால் என்ன சொல்வேன் என்று மட்டும் எனக்கே தெரியவில்லை. ஒரு பொய்யை உனக்காக ஒரு தடவை சொல்லிவிட்டேன், ரெண்டாம் தடவைக்கு நாக்கு வருமா பார்க்கவேண்டும். இந்தக் கவருக்குள் ஒரு பொட்டலம் இருக்கும், பிரித்தால் பச்சையாக ஒரு துணுக்கு இருக்கும், தூசி என்று தட்டிவிடாதே. நேற்றுச் சக்கரத்திலிருந்து பெயர்த்து எடுத்தேன். தடுமாற்றத்தைப் பற்றி அடுத்த தடவை யாராவது கேட்டால் கையில் வைத்துக்கொள்ள உனக்கு ஆகும். இங்கே மிஷின் நிற்கிறது, அம்மா தட்டைக் கழுவி அடுப்பில் போட்டுவிட்டாள்.

குளிர் அதிகம் என்றாய், காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ நல்லா இருக்கவேண்டும், எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூடவேண்டும், இதை மனதாரத்தான் எழுதுகிறேன், கோபத்தோடும்தான். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு. அளவு கேட்க இனி ஒன்றும் மிச்சமில்லை, சும்மா கூப்பிடு. சவரம் செய்துகொண்டுதான் உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன்னைப் பார்த்துக் காப்பியடித்த
உன் அப்பா